டார்ம்ஷ்டாட்டின் கடைசி கிராண்ட் டியூக்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் ஐரோப்பிய அரச குடும்பங்களுக்கு இடையிலான மண உறவுகளைப் பற்றி எழுதும்போது, ஜெர்மனியின் ஹெஸ்ஸன் நாட்டை ஆண்ட கடைசி கிராண்ட் டியூக் எர்ன்ஸ்ட் லூட்விக்கின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தோம். அந்த வரி போதவில்லை என்று பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதும் அவருக்கும் அவருடைய குடும்பத்துக்குமே ஒதுக்கப்படுகிறது.

கிராண்ட் டியூக் என்பவர் அரசரா, அல்லது நம் ஊர் ஜமீன்தாரைப் போன்றவரா?
– வாசகர், கும்பகோணம்

ஜமீன்தார் அல்லர்; ஆட்சியாளர். 1871இல் உருவான ஜெர்மானியப் பேரரசுக்குள் 4 அரசுகளும், கிராண்ட் டியூக்குகள் ஆண்ட 6 கிராண்ட் டச்சிகளும், அவற்றுக்குக் கீழே சிறிய டச்சிகளும் சிற்றரசுகளும் 3 சுதந்திர நகரங்களும் இருந்தன. தலைமைப் பேரரசர் பெர்லினில் இருந்தாலும், ஒவ்வொரு நாட்டுக்கும் தனி ஆட்சியாளர், அமைச்சர்கள், சட்டமன்றம், பள்ளிகள், வரிகள் என்று உள்நாட்டு நிர்வாகம் தனியே நடந்தது. போரும் வெளியுறவும் போன்ற பொது விவகாரங்கள் பேரரசின் கையில் இருந்தன. ஹெஸ்ஸன் அந்த 6 கிராண்ட் டச்சிகளில் ஒன்று. நெப்போலியனுடன் சேர்ந்துகொண்டதற்குப் பரிசாக 1806இல் அந்தக் குடும்பத்துக்கு இந்தப் பட்டம் கிடைத்தது. 1866இல் பிரஷ்யாவுக்கு எதிராக ஆஸ்திரியாவின் பக்கம் நின்றதால் நிலத்தில் ஒரு பகுதி பறிபோனது. மிஞ்சியதுதான் எர்ன்ஸ்ட் லூட்விக்குக்கு வந்தது. டார்ம்ஷ்டாட் தலைநகரம், மைன்ஸ் அதைவிடப் பெரிய நகரம், மக்கள்தொகை 1910 வாக்கில் ஏறத்தாழ 13 லட்சம்.

இவர் விக்டோரியா மகாராணியின் பேரன் என்கிறார்கள். பெற்றோர், உடன்பிறந்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.
– வாசகி, திருநெல்வேலி

மகள் வழிப் பேரன். விக்டோரியாவின் மூன்றாவது குழந்தையான ஆலிஸ், ஹெஸ்ஸன் இளவரசர் லூட்விக்கை 1862இல் மணந்தார். அந்த லூட்விக் 1877இல் நான்காம் லூட்விக் என்ற பெயரில் ஆட்சிக்கு வந்தார். இவர்களுக்கு ஏழு குழந்தைகள்: விக்டோரியா, எலிசபெத், ஐரீன் என்ற மூன்று பெண்கள், பிறகு 1868 நவம்பர் 25 அன்று எர்ன்ஸ்ட் லூட்விக், அவருக்குப் பின் ஃபிரிட்டி என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம், அலிக்ஸ், மேரி. இரண்டு ஆண் பிள்ளைகளில் ஒருவரை ஹீமோஃபிலியா பிடித்திருந்தது. இரத்தம் உறையாத அந்த நோய் விக்டோரியா மகாராணியின் மகள்கள் மூலம் ஐரோப்பாவின் பல அரண்மனைகளுக்குச் சென்றது. ஃபிரிட்டிக்கு அது இருப்பது, 1873இன் தொடக்கத்தில் காதில் ஏற்பட்ட ஒரு சிறு வெட்டிலிருந்து நாள் கணக்கில் இரத்தம் கசிந்தபோதுதான் தெரிந்தது.

அதே ஆண்டு மே 29 அன்று, தாயின் படுக்கையறையில் அண்ணனும் தம்பியும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான்கு வயது எர்ன்ஸ்ட் பக்கத்து அறைக்கு ஓடி அங்கிருந்த சன்னலில் எட்டிப் பார்க்க, அவன் விழுந்துவிடுவானோ என்று பதறிய ஆலிஸ் அவனை இழுத்துவர அங்கே சென்றார். அந்தச் சில விநாடிகளில், படுக்கையறை சன்னலருகே இருந்த நாற்காலியில் ஏறிய ஃபிரிட்டி கீழே விழுந்துவிட்டான். எலும்பு எதுவும் முறியவில்லை. சாதாரணக் குழந்தையாக இருந்திருந்தால் பிழைத்திருக்கும். மூளையில் கசிந்த இரத்தம் நிற்காததால் சில மணி நேரத்தில் இறந்துபோனான். தம்பியைப் போல் தனியாகச் சாகத் தனக்கு விருப்பமில்லை, எல்லோரும் சேர்ந்தே சாகக் கூடாதா என்று எர்ன்ஸ்ட் தன் தாதியிடம் கேட்டதை ஆலிஸே தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். பிற்காலத்திலும் சாவைத் தனிமையோடு சேர்த்தே அஞ்சிய மனிதர் என்று அவரை அறிந்தவர்கள் எழுதுவதற்கு இங்கேதான் வேர் இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1878 நவம்பரில், தொண்டை அடைப்பான் (டிஃப்தீரியா) நோய் அந்த வீட்டுக்குள் நுழைந்தது. மூத்தவர் விக்டோரியாவில் தொடங்கி, தந்தைவழிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்ட எலிசபெத்தைத் தவிர எல்லாப் பிள்ளைகளும், பிறகு தந்தையும் படுக்கையில் விழுந்தார்கள். நவம்பர் 16 அன்று நான்கு வயது மேரி இறந்தாள். மற்றப் பிள்ளைகளின் உடல்நிலை கருதி ஆலிஸ் அந்தச் செய்தியை வாரக்கணக்கில் மறைத்தார். எர்ன்ஸ்ட் தன் புத்தகம் ஒன்றைத் தங்கைக்குக் கொடுக்கச் சொல்லி அனுப்பியபோதும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னபோது பத்து வயதுச் சிறுவன் கதறி அழ, தாய் அவனை அணைத்து முத்தமிட்டார். சில நாள்களில் அவருக்கும் நோய் கண்டது. டிசம்பர் 14 அன்று, தன் தந்தை ஆல்பர்ட் இறந்த அதே தேதியில், 35 வயதில் காலமானார். பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி அந்த முத்தத்தை நாடாளுமன்ற மேலவையிலேயே குறிப்பிட்டு உருக்கமாகப் பேசியதால், மகனின் முத்தமே தாயைக் கொன்றது என்ற கதை நிலைத்துவிட்டது. வாரக்கணக்கில் ஆறு நோயாளிகளின் அருகிலேயே இருந்து பணிவிடை செய்த ஒரு பெண்ணுக்கு நோய் எந்த நொடியில் தொற்றியது என்று யார் சொல்ல முடியும்? அந்தப் பழியை ஒரு பத்து வயதுப் பையனின் தலையில் கட்டியது நியாயமில்லை.

ஜெர்மானிய கைசர், ரஷ்ய ஜார், இங்கிலாந்து மன்னர் ஆகியோர் இவருக்கு என்ன உறவு? மவுண்ட்பேட்டனும் உறவினர்தானா?
– வாசகர், மதுரை

நம் உறவுமுறைச் சொற்களில் சொன்னால் சிக்கலே இல்லை. கைசர், அதாவது ஜெர்மானியப் பேரரசர், இரண்டாம் வில்ஹெல்ம் இவருக்குப் பெரியம்மா மகன். இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ் தாய்மாமன் மகன். ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ் தங்கை அலிக்ஸின் கணவர். ஜாரின் சிற்றப்பா செர்கெய், அக்கா எலிசபெத்தின் கணவர். மூத்த அக்கா விக்டோரியா மணந்துகொண்டது பாட்டன்பெர்க் இளவரசர் லூயியை. அவர் பிரிட்டிஷ் கடற்படையில் உச்சப் பதவி வரை உயர்ந்தவர். முதல் உலகப் போரின்போது ஜெர்மானியப் பெயர் உறுத்தியதால் குடும்பம் 1917இல் மவுண்ட்பேட்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டது. இந்தியாவின் கடைசி வைஸ்ராய் அந்தத் தம்பதியின் இளைய மகன். ஆக, எர்ன்ஸ்ட் லூட்விக் அவருக்குத் தாய்மாமன்.

இன்னோர் அக்கா ஐரீன், கைசரின் தம்பி ஹைன்ரிஷை மணந்தார். அதாவது பெரியம்மா மகனையே கட்டிக்கொண்டார். நம்மிடையே அண்ணன் தங்கை முறை. ஹீமோஃபிலியாவைக் கடத்தும் தன்மை ஐரீனிடமும் இருந்தது. அவருடைய மூன்று மகன்களில் இருவருக்கும், அலிக்ஸின் ஒரே மகன் அலெக்ஸெய்க்கும் அந்த நோய் வந்தது. எர்ன்ஸ்ட் லூட்விக்குக்கு அது இல்லை. ஆகவே அவருடைய பிள்ளைகளுக்கும் இல்லை.

அவருடைய முதல் திருமணம் விவாகரத்தில் முடிந்தது என்று படித்தேன். அந்தக் காலத்தில் அரச குடும்பத்தில் அது எப்படிச் சாத்தியமாயிற்று?
– வாசகி, யாழ்ப்பாணம்

1892 மார்ச்சில் தந்தை இறந்தபோது அவருக்கு வயது 23. மணமாகாத இளம் ஆட்சியாளர் என்பதால் பாட்டி விக்டோரியா பெண் பார்க்கத் தொடங்கினார். பார்த்த பெண் மகன் ஆல்ஃபிரடின் மகளான விக்டோரியா மெலிட்டா. நம் கண்ணுக்கு அசல் முறைப்பெண், தாய்மாமன் மகள். 1894 ஏப்ரல் 19 அன்று கோபுர்க் நகரில் நடந்த அந்தத் திருமணத்துக்கு ஐரோப்பாவே திரண்டு வந்தது. ஆனால் மறுநாளே மணமக்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கோலஸை மணக்க மாப்பிள்ளையின் தங்கை அலிக்ஸ் சம்மதித்த செய்திதான் பேச்சாயிற்று. அந்த நாள்களில் எடுக்கப்பட்ட குடும்பப் படம் இன்றும் புகழ்பெற்றது. முன்வரிசையில் மகாராணி அமர்ந்திருக்க, பக்கத்தில் முறுக்கிய மீசையோடு கைசரும், பின்னால் நிக்கோலஸும் அலிக்ஸும் தெரிகிறார்கள். இருபது ஆண்டுகளில் ஒருவர் நாட்டின்மீது மற்றவர் படை எடுப்பார்கள் என்பதற்கு அந்த முகங்களில் எந்த அடையாளமும் இல்லை.

தம்பதிக்குள் ஒத்துப்போனது கொண்டாட்டம் ஒன்றுதான். குதிரையேற்றம், விருந்து, நாடகம் என்று வீடு கலகலப்பாக இருந்த நாள்களில் பிரச்சினை தெரியவில்லை. ஆனால் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, முதிய உறவினர்களைச் சென்று பார்ப்பது, பிடிக்காதவர்களிடமும் இன்முகம் காட்டுவது போன்ற அரண்மனைக் கடமைகளை விக்டோரியா மெலிட்டா மதிக்கவில்லை. அவர் மனமோ தன் தாய்வழி உறவினரான ரஷ்ய இளவரசர் கிரில்லிடம் சென்றிருந்தது. எர்ன்ஸ்ட் லூட்விக்கின் அந்தரங்கத்தைப் பற்றி அவர் குற்றம் சாட்டியதாகவும் ஒரு பேச்சு உண்டு. அது உறவினர் வாய்வழியாக வந்தது. அதை வைத்து ஒரு மனிதரைத் தீர்ப்பிட நான் தயாரில்லை. 1900இல் ஓர் ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. பாட்டி உயிரோடு இருக்கும்வரை பிரிவுப் பேச்சுக்கே இடமில்லை. தானே கூட்டிவைத்த கல்யாணம் இப்படி ஆனதில் நொந்துபோய், இனி யாருக்கும் மணம் பேசமாட்டேன் என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள். 1901 ஜனவரியில் மகாராணி மறைந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று ஹெஸ்ஸன் உயர் நீதிமன்றம், இருவருக்கும் இடையிலான தீராத மனவெறுப்பைக் காரணமாகக் காட்டி விவாகரத்து வழங்கியது. புராட்டஸ்டண்ட் நாடு என்பதால் சட்டப்படி தடையில்லை. சமூகத்தில் அவமானம் மட்டும் மிச்சம். விக்டோரியா மெலிட்டா 1905இல் கிரில்லை மணந்தார். சுவையான செய்தி என்னவென்றால், முதல் கணவர் அவருக்கு அத்தை மகன், இரண்டாமவர் தாய்மாமன் மகன். இரண்டுமே முறை மாப்பிள்ளைகள்.

அந்தத் திருமணத்தில் பிறந்த மகள் என்ன ஆனாள்? விஷம் வைத்துக் கொல்லப்பட்டாள் என்பது உண்மையா?
– வாசகர், சேலம்

விஷம் இல்லை, டைஃபாய்டு காய்ச்சல்.

1895 மார்ச் 11 அன்று பிறந்த எலிசபெத், பெற்றோர் பிரிந்தபின் ஆண்டில் பாதி நாள் தந்தையிடமும் பாதி நாள் தாயிடமும் வளர வேண்டியிருந்தது. தந்தையிடம் ஒட்டுதல் அதிகம். டார்ம்ஷ்டாட்டுக்கு வடக்கே, லாங்கன் ஊரருகில் இருக்கும் வுல்ஃப்ஸ்கார்ட்டன் வேட்டை மாளிகையின் தோட்டத்தில், 1902இல் அவளுக்கென்று ஒரு வீடு எழுந்தது. வரைந்தவர் கட்டடக் கலைஞர் ஓல்பிரிஷ். வாசல், சன்னல், நாற்காலி, மேசை எல்லாம் ஏழு வயதுக் குழந்தையின் உயரத்துக்கு. பெரியவர்கள் உள்ளே வரக் கூடாது என்பது சட்டம். பாட நேரம் முடிந்தும் வெளியே வராத குழந்தைக்காகத் தாதிகளும் ஆசிரியைகளும் புல்வெளியில் பொறுமையிழந்து உலாவிக்கொண்டிருந்ததைத் தந்தை ரசித்து நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டு வீடுகளுக்கு இடையே பங்குபோடப்பட்ட ஒரு குழந்தைக்கு, யாரும் நுழைய முடியாத மூன்றாவது வீட்டைக் கொடுக்கத் தோன்றிய தகப்பனை நான் மதிக்கிறேன்.

1903 இலையுதிர்காலத்தில் ஜார் குடும்பத்தோடு போலந்தில் உள்ள ஸ்கியர்னியெவிட்ஸே வேட்டை மாளிகைக்குத் தந்தையும் மகளும் சென்றிருந்தார்கள். அத்தையின் பெண்களோடு ஓடி விளையாடிய எலிசபெத்துக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் தொடங்கியது. தாய்க்குத் தந்தி பறந்தது. அவர் புறப்படுவதற்குள், நவம்பர் 16 அன்று குழந்தை இறந்துவிட்டாள். வயது எட்டு. ஜாருக்கு வைத்த உணவைத் தின்றுவிட்டாள் என்ற வதந்தி அப்போதே கிளம்பியது. ரஷ்ய அரச குடும்பத்தைக் கொல்லத் திட்டங்கள் உண்மையிலேயே நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் அதை நம்ப ஆளும் இருந்தது. மருத்துவர்கள் கண்டது டைஃபாய்டு. டார்ம்ஷ்டாட்டில் நடந்த இறுதி ஊர்வலத்தில் கறுப்பே வேண்டாம் என்று தந்தை சொல்லிவிட்டார்: வெள்ளை மலர்கள், வெள்ளைத் துணிகள், வெள்ளைக் குதிரைகள்.

மண முறிவு, மரணம் என்று கேட்டு மனம் கனத்துவிட்டது. நாட்டுக்கு உருப்படியாக ஏதாவது செய்தாரா?
– வாசகர், கோயம்புத்தூர்

செய்தார். அரசியலில் அவரை நினைவுகூரப் பெரிய காரணம் இல்லை. கட்டடக் கலையின் வரலாற்றிலோ அவரைத் தவிர்க்கவே முடியாது.

இங்கிலாந்தில் பாட்டி வீட்டுக்குப் போய்வந்த காலத்தில், கைவினைக்கும் கலைக்கும் வேறுபாடு பாராட்டாத புதிய பாணி அவரைக் கவர்ந்தது. 1897 வாக்கில் தன் அரண்மனை அறைகளை அமைக்க பெய்லி ஸ்காட், ஆஷ்பீ என்ற இரு ஆங்கிலேயக் கலைஞர்களை அழைத்தார். அதன்பின் 1899இல், டார்ம்ஷ்டாட்டின் கிழக்கு மேட்டில் இருக்கும் மட்டில்டன்ஹோயே என்ற குன்றில், ஏழு இளம் கலைஞர்களைக் குடியேற்றினார். வியன்னாவில் செசெஷன் என்ற கலைஞர் குழுவின் மாளிகையைக் கட்டிப் பெயர் பெற்ற ஓல்பிரிஷ், ஓவியராக வந்து கட்டடக் கலைஞராக மாறிய பேட்டர் பெரன்ஸ், சிற்பி லூட்விக் ஹாபிஷ் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். இது வெறும் கலை ஆர்வம் அல்ல. ஹெஸ்ஸனின் தச்சர், பொற்கொல்லர், மட்பாண்டக்காரர், அச்சகத்தார் எல்லோருக்கும் நல்ல வடிவங்கள் கிடைத்தால் அவர்கள் பொருள்கள் வெளிச்சந்தையில் விலைபோகும் என்ற கணக்கும் அதில் இருந்தது. தன் ஹெஸ்ஸன் நாடு மலரட்டும், அதற்குள் கலையும் மலரட்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட வாசகம். பொருளாதாரத்தை முன்னும் கலையைப் பின்னும் வைத்தே அது அமைந்திருக்கிறது.

1901இல் நடந்த முதல் கண்காட்சி உலகத்துக்குப் புதிது. தற்காலிகக் கூடாரங்களில் பொருள்களை அடுக்கிவைப்பதற்குப் பதில், கலைஞர்கள் தாங்கள் குடியிருக்கப்போகும் வீடுகளையே கண்காட்சியாக்கினார்கள். பெரன்ஸ் தன் வீட்டின் சுவரிலிருந்து சாப்பாட்டு மேசைக் கரண்டி வரை தானே வடிவமைத்தார். நடுவில் இருந்த பொதுக் கூடத்துக்கு, அதாவது இன்றைய எர்ன்ஸ்ட் லூட்விக் இல்லத்துக்கு, இருபுறமும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக ஆளுயரத்தை மும்மடங்கு மிஞ்சும் இரண்டு கற்சிலைகளை ஹாபிஷ் நிறுத்தினார். பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. கண்காட்சி நட்டத்தில் முடிந்தது, கலைஞர்களில் பலர் சில ஆண்டுகளில் வெளியேறினார்கள், இவ்வளவு செலவு எதற்கு என்று ஊரில் கேலியும் எழுந்தது. அவர் விடவில்லை. 1904, 1908, 1914 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று கண்காட்சிகள் நடந்தன. 1908இல் சாதாரணத் தொழிலாளர் குடும்பங்களுக்கான சிறு வீடுகளையும் கட்டிக் காட்டினார்கள். அங்கிருந்து சென்ற பெரன்ஸ், 1907இல் பெர்லினில் ஏ.ஈ.ஜி. மின் நிறுவனத்தின் கலை ஆலோசகரானார். அவருடைய அலுவலகத்தில்தான் குரோப்பியஸ், மீஸ் வான் டெர் ரோஹே, லெ கார்பூசியே மூவரும் இளைஞர்களாக வேலை பார்த்தார்கள். சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கார்பூசியேயைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் பேசுகின்றன. அவர் வந்த வழியில் டார்ம்ஷ்டாட்டும் ஒரு படி. 2021இல் யுனெஸ்கோ மட்டில்டன்ஹோயேயை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதற்கிடையில் 1905 பிப்ரவரி 2 அன்று, சோல்ம்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எலியோனோரேயை மணந்தார். பேரரசுகளின் கணக்கில் பெரிய சம்பந்தம் அல்ல. அதனாலேயோ என்னவோ நிம்மதியாக அமைந்தது. 1906இல் கியோர்க் டொனாட்டுஸ், 1908இல் லூட்விக் என்று இரண்டு மகன்கள். அந்தத் திருமணத்துக்கு நகர மக்கள் தந்த பரிசுதான் குன்றின் உச்சியில் நிற்கும் 48 மீட்டர் உயரக் கல்யாணக் கோபுரம். விரித்த கைவிரல்களைப் போல ஐந்து வளைவுகள் கொண்ட அதன் உச்சியை வரைந்த ஓல்பிரிஷ், அது முடிந்த 1908ஆம் ஆண்டிலேயே 40 வயதில் இரத்தப் புற்றுநோய்க்குப் பலியானார்.

முதல் உலகப் போரில் இவர் எந்தப் பக்கம்? ரகசியமாக ரஷ்யாவுக்குச் சென்றார் என்பது மெய்யா?
– வாசகர், சென்னை

ஜெர்மானியப் பக்கம், வேறு வழி இல்லை. ஆனால் ஐந்து உடன்பிறப்புகளும் போரால் சிதறிப்போனார்கள். ஐரீன் ஜெர்மனியில், கணவர் அங்கே கடற்படைத் தளபதி. விக்டோரியா இங்கிலாந்தில், அவர் கணவர் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமைப் பதவியிலிருந்து, ஜெர்மானியப் பிறப்பு என்ற ஒரே காரணத்தால், 1914 அக்டோபரில் விலக நேர்ந்தது. எலிசபெத்தும் அலிக்ஸும் ரஷ்யாவில். 1915 ஏப்ரலில் சமாதானப் பேச்சைத் தொடங்கும் நோக்கத்தோடு எர்ன்ஸ்ட் லூட்விக் ஸ்டாக்ஹோமுக்கு ஒரு தூதரை அனுப்பினார். அந்த விவரம் அலிக்ஸ் தன் கணவருக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. ஜார் அதற்கு இசையவில்லை. 1916இல் அவரே மாறுவேடத்தில் ரஷ்யா சென்றார் என்ற கதைக்கு மட்டும் உறுதியான சான்று கிடையாது. அதைப் பரப்பியவர், தானே ஜாரின் மகள் அனஸ்தாசியா என்று சொல்லிக்கொண்ட அன்னா ஆண்டர்சன். எர்ன்ஸ்ட் லூட்விக் அதை அடியோடு மறுத்தார். அந்தப் பெண் ஃபிரான்சிஸ்கா ஷான்ஸ்கோவ்ஸ்கா என்ற தொழிலாளி என்று 1927இல் ஒரு பெர்லின் நாளிதழ் எழுதியது; 1994இல் வெளியான மரபணுச் சோதனை அதற்கே பொருந்தியது.

1918 ஜூலையில் அலிக்ஸ், கணவர், ஐந்து பிள்ளைகள் ரஷ்யாவின் எகாத்தரின்பூர்கில் புரட்சிக்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள் அக்கா எலிசபெத் அலபாயெவ்ஸ்கில் ஒரு சுரங்கக் குழியில் தள்ளப்பட்டார். நவம்பர் 9 அன்று டார்ம்ஷ்டாட்டில் தொழிலாளர், படைவீரர் குழு எர்ன்ஸ்ட் லூட்விக்கின் ஆட்சியைக் கலைத்தது. முடிதுறப்புப் பத்திரத்தில் அவர் கையெழுத்திடவில்லை. ஊரைவிட்டு ஓடவும் இல்லை. அவரைத் துரத்தும் அளவுக்கு வெறுப்பவர்கள் ஊரிலும் இல்லை. பதவி போனபின்னும் மக்கள் தெருவில் வணங்கிக் கடந்தார்கள்.

ரவீந்திரநாத் தாகூர் இவருடைய விருந்தினராக இருந்தாரா?
– வாசகி, பெங்களூரு

ஆம். தத்துவ எழுத்தாளர் கைசர்லிங் பிரபு, எர்ன்ஸ்ட் லூட்விக்கின் ஆதரவோடு 1920இல் டார்ம்ஷ்டாட்டில் ஞானப்பள்ளி என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் அழைப்பில் 1921 ஜூனில் வந்த தாகூர் முன்னாள் கிராண்ட் டியூக்கின் அரண்மனையில் தங்கினார். தாகூர் வாரம் என்று பெயரிட்டு நாள்தோறும் கூட்டங்கள் நடந்தன. போரில் தோற்றுச் சோர்ந்திருந்த ஜெர்மானியர்கள் வெள்ளைத் தாடியோடு வந்த கவிஞரைத் தீர்க்கதரிசியாகவே பார்த்தார்கள். அந்த அளவுக்கு மீறிய பக்தி தாகூருக்கே சற்று நெருடியிருக்கும் என்பது என் ஊகம்.

1937 விமான விபத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.
– வாசகர், கொழும்பு

எர்ன்ஸ்ட் லூட்விக் நீண்ட நோய்க்குப் பிறகு 1937 அக்டோபர் 9 அன்று வுல்ஃப்ஸ்கார்ட்டனில் இறந்தார். இளைய மகன் லூட்விக்குக்கு லண்டனில் மார்கரெட் கெடஸ் என்ற பிரிட்டிஷ் பெண்ணோடு நடக்கவிருந்த திருமணம் தள்ளிவைக்கப்பட்டு, நவம்பரில் நடத்த முடிவாயிற்று. நவம்பர் 16 அன்று மூத்த மகன் கியோர்க் டொனாட்டுஸ், எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவி செசிலி, ஆறும் நான்கும் வயதான இரண்டு மகன்கள், தாய் எலியோனோரே ஆகியோர் பெல்ஜிய விமான நிறுவனமான சபேனாவின் யுங்கர்ஸ் விமானத்தில் லண்டனுக்குப் புறப்பட்டார்கள். பெல்ஜியத்தில் கடும் மூடுபனி. ஆஸ்டெண்ட் அருகே இறங்க முயன்ற விமானம் ஒரு செங்கல் புகைபோக்கியில் மோதி நொறுங்க, உள்ளே இருந்த 11 பேரும் மாண்டார்கள். சிதைவுகளில் ஒரு சிசுவின் உடலும் கிடைத்தது. வழியிலேயே செசிலிக்குப் பிரசவம் தொடங்கியதால்தான் விமானி அந்தப் பனியிலும் இறங்கத் துணிந்திருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது.

மறுநாள் காலை, விருந்தும் வாத்தியமும் இல்லாமல், கறுப்பு உடையில் மணமகளோடு லண்டன் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அங்கிருந்து மணமக்கள் நேராக உடல்களைப் பெற்றுக்கொள்ளப் பெல்ஜியம் சென்றார்கள். டார்ம்ஷ்டாட் இறுதி ஊர்வலத்தில் செசிலியின் தம்பி, 16 வயது ஃபிலிப், நாஜிச் சீருடைகளுக்கு நடுவே நடந்துவரும் படம் பின்னாளில் பலமுறை வெளியாயிற்று. எலிசபெத் ராணியின் கணவரான அதே ஃபிலிப்தான். அந்தச் சீருடைகளை மழுப்ப வேண்டியதில்லை: டொனாட்டுஸும் செசிலியும் அந்த ஆண்டு மே மாதம் நாஜிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்திருந்தார்கள். செசிலி, எர்ன்ஸ்ட் லூட்விக்குக்கு மருமகள் ஆவதற்கு முன்பே மூத்த அக்காவின் பேத்தியும்கூட.

மேரி, எலிசபெத், விமான விபத்து – மூன்றும் நவம்பர் 16. இது சாபம் இல்லாமல் வேறென்ன?
– வாசகி, நாகர்கோவில்

தேதி ஒற்றுமை உண்மைதான். 1878, 1903, 1937 மூன்றிலும் நவம்பர் 16தான். ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். எர்ன்ஸ்ட் லூட்விக் பிறந்தது நவம்பர் 25, மகன் டொனாட்டுஸ் நவம்பர் 8, மகன் லூட்விக் நவம்பர் 20, அலிக்ஸின் திருமணம் நவம்பர் 26. அவற்றை யாரும் வரம் என்று எண்ணி வைப்பதில்லை. மேரியைக் கொன்ற தொண்டை அடைப்பானுக்கு நச்சுமுறிவு மருந்து 1890களில்தான் வந்தது. டைஃபாய்டுக்கு மருந்து அதற்கும் நெடுநாள் பின்னால். மூடுபனியில் கருவிகளை மட்டும் நம்பி விமானத்தை இறக்குவது 1937இல் சூதாட்டம், ஹீமோஃபிலியா பரம்பரை வழி, எகாத்தரின்பூர்க் அரசியல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும்போது, எல்லாவற்றையும் சாபம் என்ற ஒரே மூட்டையில் கட்டினால் எதையுமே விளக்கியதாகாது. தடுப்பூசியும் குளோரின் கலந்த குடிநீரும் உள்ள நம் காலத்தில் அந்த இரண்டு சிறுமிகளும் பெரும்பாலும் பிழைத்திருப்பார்கள்.

இன்று அந்தக் குடும்பத்தில் யார் இருக்கிறார்கள்? அவர்கள் வாழ்ந்த இடங்களைப் பார்க்க முடியுமா?
– வாசகர், சிங்கப்பூர்

நேர் வாரிசு யாரும் இல்லை. விபத்தன்று வீட்டில் விடப்பட்ட ஒரு வயதுக் குழந்தை ஜொஹன்னாவைச் சித்தப்பா லூட்விக்கும் மார்கரெட்டும் தத்தெடுத்தார்கள்; அவளும் 1939 ஜூனில் மூளைக்காய்ச்சலால் இறந்தாள். தம்பதிக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. ஆகவே 1960இல், ஹெஸ்ஸன் வம்சத்தின் காசல் கிளையைச் சேர்ந்த மோரிட்ஸைத் தத்தெடுத்தார்கள். 1968இல் லூட்விக்கும், 1997இல் மார்கரெட்டும், 2013இல் மோரிட்ஸும் மறைந்தார்கள்; இப்போது மோரிட்ஸின் மகன் டொனாட்டுஸ் குடும்பத் தலைவர். பெண் வழியில் மட்டும் எர்ன்ஸ்ட் லூட்விக்கின் உடன்பிறந்தார் பரம்பரை தழைத்திருக்கிறது. 1993இல் ஜார் குடும்பத்தின் எலும்புகளை அடையாளம் காண அலிக்ஸின் தாய்வழி மரபணு தேவைப்பட்டபோது, அக்கா விக்டோரியாவின் மகள் வயிற்றுப் பேரனான ஃபிலிப் தன் இரத்தத்தைக் கொடுத்தார்.

எர்ன்ஸ்ட் லூட்விக் பிறந்த புதிய அரண்மனையை இனிப் பார்க்க முடியாது; 1944 செப்டம்பர் 11 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் டார்ம்ஷ்டாட்டை எரித்தபோது அது அழிந்தது. மட்டில்டன்ஹோயேக் குன்றைத் தாராளமாகப் பார்க்கலாம். ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் டார்ம்ஷ்டாட் வந்துவிடும். கல்யாணக் கோபுரத்தில் ஏற மின்தூக்கி இருக்கிறது. கோபுரத்துக்கு அருகிலேயே, ஜார் தம்பதிக்காக 1899இல் கட்டி முடிக்கப்பட்ட பொன்முடி ரஷ்யத் தேவாலயமும் உண்டு. அங்கிருந்து கிழக்கே நடந்தால் ரோசன்ஹோயே பூங்கா. குடும்பக் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. எர்ன்ஸ்ட் லூட்விக் முன்னோர்களின் மாடத்துக்குள் போகாமல், மகள் எலிசபெத் இருக்கும் இடத்தருகே திறந்த வெளியில் புதைக்கப்பட்டிருக்கிறார். வுல்ஃப்ஸ்கார்ட்டன் இன்னும் குடும்பத்தின் வீடு என்பதால் எப்போதும் திறந்திருக்காது. தோட்டத்தைக் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள், ஆகவே தேதியை விசாரித்துக்கொண்டு போவது நல்லது. சனிக்கிழமையில் கோபுரத்துக்குப் போனால் மணமக்கள் கூட்டத்துக்கு வழிவிட்டுத்தான் ஏற வேண்டியிருக்கும். நகரத்தின் பதிவுத் திருமணங்கள் இன்றும் அதற்குள் நடக்கின்றன.